மக்ரூன் ஏன் கடைசியா வேகுது

அந்தக் காலத்துல கோழி, பூனை எல்லாம் நம்மள மாதிரியே பேசும். நம்மள விட மரியாதை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

அப்போ தூத்துக்குடிக் கடற்கரையில பிலோமினான்னு ஒருத்தி இருந்தா. அவகிட்ட குகை மாதிரி ஒரு செங்கல் அடுப்பு. உள்ள விறகை எரிச்சு, தணலை வாரி வெளிய தள்ளிட்டு, அந்தச் சுவத்துச் சூட்டுல ரொட்டி சுடுவா. ரொட்டின்னா அது ரொட்டி. தட்டினா மேளச் சத்தம், பிச்சா பஞ்சு. தின்னவன் ரெண்டு நாளைக்கு அதையே பேசுவான்.

மக்ரூன்ல மட்டும் அந்தக் கைராசி தடுக்கி விழுந்துரும். முட்டை வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிச்சு, சீனியும் முந்திரிப்பொடியும் சேத்து, கூம்பு கூம்பா வச்சு உள்ள தள்ளுவா. வெளிய வரும்போது வறுத்த புளியங்கொட்டை மாதிரி வரும். எதைச் சுட்டாலும் முதல்ல புது விறகைத் திணிச்சு அடுப்பைத் தகதகன்னு ஆக்குறது அவ பழக்கம். நெருப்பு நிறைய இருந்தா நல்லா வேகும்னு நினைப்பு.

தங்கச்சி செசிலிக்குக் கல்யாணம் வந்துச்சு. ரொட்டி, கேக்கு, மக்ரூன் மூணும் என் அடுப்புலதான்னு மாப்பிள்ளை வீட்டுல வீறாப்பா சொல்லிட்டா. மக்ரூன் ரெண்டு தடவை கருகிப் போச்சு. மூணாவது தடவை முட்டைக்குப் போனா, கோழிங்க எல்லாம் வழிய மறிச்சு நிக்குது.

பெரிய கோழி சொல்லுச்சு, "இந்தா, கடைசிக் கூடை. இதையும் கரியாக்குன, இனி ஆயுசுக்கும் உனக்கு முட்டை கிடையாது. நாங்க நோவெடுத்துப் போடுறது நீ பல்லு விளக்கவா?"

முட்டை இல்லன்னா கேக்கும் இல்ல, மக்ரூனும் இல்ல. கூடையும் கையுமா வந்தா பிலோமினா. அடுப்பை எரிச்சு, தணலை வாரி, முதல்ல ரொட்டியைத் தள்ளினா. அப்பதான் கட்டைவால் பூனை அவ கண்ணுல பட்டுச்சு. சூடு தாங்காம மூணு பாகம், அதாவது மூணு ஆள் கைய விரிச்ச தூரம், தள்ளி நின்னு மீசையைச் சுருக்குது. ரொட்டி வெந்து வெளிய வந்ததும் ஒரு பாகம் கிட்ட வந்து உக்காந்துச்சு. பிலோமினா கேக்கு மாவைக் கலக்கி வச்சுட்டு, வழக்கம்போல விறகைத் தூக்கினா.

"யக்கா, கீழ போடு," ன்னுச்சு பூனை. "ரொட்டி முரட்டுப் பய, அடி தாங்குவான். கேக்கு அப்படியா? நான் உக்காருற சூடு போதும் அதுக்கு."

விறகைக் கீழ போட்டுட்டா. கேக்கு பொன்னா வந்துச்சு. அடுப்பு இன்னும் ஆறிச்சு. மக்ரூன் தட்டு தயாரா இருக்கு, பூனை அசையல. புருசன் சூசை ஓடி வந்து, மாப்பிள்ளை வீட்டாளுங்க தெருமுனைக்கு வந்துட்டாங்க, ரெண்டு கட்டையப் போடுட்டின்னு கத்துறான். பிலோமினா பூனையப் பாத்தா, புருசனப் பாத்தா. ஒரே வீச்சு, கட்டை ரெண்டும் கடல்ல.

கொஞ்ச நேரத்துல கட்டைவால் எழுந்துச்சு. சோம்பல் முறிச்சுச்சு. அடுப்பு மேலயே ஏறி, சுருண்டு படுத்துருச்சு. அப்பதான் தட்டை உள்ள தள்ளினா.

மெதுவா, மெதுவாக் காஞ்சுது. எடுத்தா சங்கு வெள்ளை. வாயில போட்டா காணோம். மாப்பிள்ளையோட அப்பா ஒண்ணை முழுங்குறதுக்குள்ள அடுத்ததுக்குக் கை நீட்டினாரு. பெரிய கோழி ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம முட்டை போடப் போயிருச்சு. கோழி வாயில அதுக்கு மேல பாராட்டு ஏது?

மறுநாள் ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் பூனையச் சுத்திக்கிட்டாங்க. பன்னுக்கு இந்தச் சூடு போதுமா, பிஸ்கோத்துக்குக் கொஞ்சம் ஆறணுமான்னு அதைத் தூங்க விடல. கட்டைவாலுக்கு வெறுத்துப் போச்சு. "நான் படுக்குற இடத்தைப் பாத்துக்கோங்க. இனி வாயத் திறந்து சொல்ல மாட்டேன்," ன்னு கண்ணை மூடிருச்சு. சொன்ன சொல் தவறாத சாதி.

ரொட்டி முதல்லயும், கேக்கு அடுத்தும், மக்ரூன் கடைசியாவும் வேகுறதும், பூனை அடுப்படியில வந்து பேசாமச் சுருண்டுக்கிறதும் அன்னைக்குத் தொட்டுத்தான்.