முகத்தை விட்டுவிட்டு

"ரீச்சர், ஜன்னலுக்கு வெளியில பனை வைக்கவோ, ஸ்நோ வைக்கவோ?"

தவநேசன் அன்றைக்கும் இதைத்தான் கேட்டார். நிரோஜினிக்குச் சுவரில் தலையை மோதலாம் போலிருந்தது. ரொறன்ரோவில் அவள் நடத்தும் ஓவிய வகுப்பில் அவர்தான் மூத்த மாணவர். அவளைவிட இருபது வயது கூட. பகலில் பஸ் ஓட்டுவார், பின்னேரம் படம் கீறுவார்.

"முதல்ல பனை வச்சனீங்கள். அழிச்சனீங்கள். பிறகு ஸ்நோ. அதையும் அழிச்சாச்சு. உங்களுக்கென்ன விசரா அண்ணை?"

"கண்காட்சி புலம்பெயர்ந்த ஆக்களைப் பற்றினதெல்லோ. நான் எந்த ஊர் ஆளெண்டு சனத்துக்கு விளங்க வேணுமே."

படத்தில் ஒரு ஆண் சட்டையில்லாமல் கட்டில் விளிம்பில் இருந்தான். தோளில் வியர்வை மினுங்கியது. சட்டைக் கொலர் மறைக்கிற இடம் மட்டும் கழுத்தில் கொஞ்சம் வெளிறியிருந்தது. அதைக்கூட விடாமல் கீறியிருந்தார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கன்வஸ்.

"இது ஆர்?"

"சும்மா ஒரு ஆள்."

"சும்மா ஒரு ஆளின்ர தோளுக்கு ஆராவது இவ்வளவு மினக்கெடுவினமோ?"

தவநேசன் தூரிகையைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"ஜெயசீலன்," என்றார். "என்னோட பஸ் ஓடுறவன். மனிசி செத்தாப் பிறகு நான் சிரிச்சதே இல்லை, ரீச்சர். திரும்பச் சிரிக்கத் தொடங்கினது அவனாலதான்."

நிரோஜினி அவருடைய பெரிய தூரிகையைப் பறித்து, ஜன்னலுக்குள் ஒரு பனையை இழுத்துவிட்டாள். அதன் தலையில் வெள்ளையை அள்ளி அப்பினாள். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

"ஐயோ, பனையில ஆரும் ஸ்நோ கொட்டுவினமோ!"

"பின்னணி முடிஞ்சுது. இனி அதைப் பற்றி வாய் திறந்தியள் எண்டால் வகுப்பை விட்டுக் கலைப்பன்." சின்னத் தூரிகையை அவர் கையில் திணித்தாள். "முகத்தை வையுங்கோ."

"சனிக்கிழமை கண்காட்சிக்கு மகள் வாறாள்."

"வரட்டும்."

"அவளுக்கு ஜெயசீலனைத் தெரியும். முகத்தைக் கண்டவுடனே மட்டுக்கட்டிடுவாள்."

"மட்டுக்கட்டட்டும்."

"'இவரை ஏனப்பா இப்படிக் கீறினனீங்கள்' எண்டு கேப்பாள், ரீச்சர்! என்னட்டக் கேப்பாள்!"

நிரோஜினிக்கு இருந்த கொஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

"கேக்கோணும் எண்டுதானே அண்ணை கீறினனீங்கள்?"