தருலதா காலுக்கடியில

இந்தக் கணக்குக்கு விடை சொல்றவங்க முதல்ல முழங்கால் தண்ணியில இறங்கி நில்லுங்க. காஞ்ச தரையில உக்காந்தா எல்லாருமே நீதிபதிதான்.

அசாம்ல பிரம்மபுத்திரா கரையோரம், மூங்கில் வீடுகளை மரத்தூண் மேல தூக்கிக் கட்டுவாங்க. வெள்ளம் வந்தா அடியில ஓடிட்டுப் போகட்டும்னுதான். தருலதாவோட வீடும் அப்படித்தான். ஆனா அதுல ஒரு மூலைத்தூணைப் பூச்சி உள்ளுக்குள்ளயே தின்னு தீர்த்துடுச்சு. வெளியில பார்த்தா தூண், உள்ள வெறும் மாவு. அந்த வருசம் தண்ணி ஏற ஏற அந்த மூலை முனக ஆரம்பிச்சிருச்சு. வீட்டுக்குள்ள தருலதா மக ஜொனாக்கி, நிறைமாசம். காலையிலேருந்து வலி. படகுக்கு ஆள் போயிருக்கு. ஆள் போன வழியையே காணோம், படகு எங்கேருந்து வரும்?

"அம்மா, வீடு ஆடுதா, நான் ஆடுறேனா?"ன்னு மேலேருந்து ஜொனாக்கி கேட்டா.

"நீதான்டி"ன்னா கீழ தண்ணியில நின்ன தருலதா. சொல்லும்போதே தூண் 'நறுக்'குன்னுச்சு.

அப்பத்தான் ஆத்துல ஒரு கட்டை மிதந்து வந்துச்சு. நல்லா செதுக்கின, நீளமான, வயிரம் பாஞ்ச கட்டை. பக்கத்து வீட்டு தோதிராம் நீச்சல்ல மீனுக்கே பாடம் எடுப்பான்.

"அக்கா, கயிறு, கயிறு!"ன்னு கத்தினான்.

வீட்ல இருந்தது ஒரே கயிறு, பசுமாட்டுக் கழுத்துல. தருலதா யோசிக்கல. அவுத்து வீசினா. தோதிராம் பாஞ்சு, ரெண்டு முழுக்குப் போட்டு, கட்டையில சுருக்கு மாட்டி இழுத்துட்டு வந்தான். கட்டை கரை சேர்ந்துச்சு. பசு கரை சேரல. கயிறு இல்லாத பசு தண்ணியோட போயிருச்சு.

கட்டை மறுபடி மிதந்துடாம இருக்க, ஏணிப்படிக்குப் பக்கத்துல அதோட ஒரு முனை மேல ஏறி நின்னா தருலதா. கலங்கல் தண்ணி, கால் கண்ணுக்குத் தெரியாது. பாதத்துல என்னமோ மெத்துன்னு பட்டுச்சு. விலாங்குமீனா இருக்கும்னு விட்டுட்டா.

"கட்டை எனக்குத்தான் அக்கா. உசுரை வச்சுப் பிடிச்சேன். மரவாடியில போட்டா அரிசி வாங்கலாம். வீட்ல அடுப்புல பூனை தூங்குது"ன்னான் தோதிராம்.

"அடேய், ஊர்ச் சட்டம் தெரியாதா உனக்கு? ஆத்துல வர்ற கட்டை மேல முதல்ல யார் கயிறு விழுதோ, அவங்களுக்குத்தான் கட்டை. நீந்துனவனுக்கு ஒருவேளைச் சோறு. கயிறு யாருது? என் மாடே போச்சுடா!"

தோதிராம் கட்டையிலேருந்து கையை எடுத்துட்டான். சட்டம் அப்படித்தான். அவன் அப்பா காலத்துலயும் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து வாழைத்தண்டுத் தெப்பத்துல ஒரு பெரியவர் தடுமாறி வந்து சேர்ந்தார். பேரு மணேஸ்வர், மேலாத்து ஊர்க்காரர். கூட ஆள் இல்ல. ஒரு துணிமூட்டையும் ஒரு பானையும்தான்.

"அம்மா, அது என் வீட்டுத்தூண்"ன்னார்.

தோதிராம் சிரிச்சான். "ஆறு தின்னுட்டுத் துப்பினதுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது பெரியவரே. உங்க ஊர்லயும் அதான சட்டம்?"

"ஆறு எடுக்கலப்பா. கரை இடியப்போகுதுன்னு நானே வீட்டைப் பிரிச்சேன். தூணை அரசமரத்துல கட்டி வச்சேன். சணல் பத்தாம, செத்துப்போன என் சம்சாரத்தோட சேலையையும் கிழிச்சுச் சேர்த்துத் திரிச்ச கயிறு. அது அறுந்துடுச்சு. பாதிக் கயிறு இன்னும் கட்டையிலதான் இருக்கணும்."

தோதிராம் குனிஞ்சு கட்டையைத் தடவிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லையே. அக்கா, நீ நிக்கிற பக்கம்?"

தருலதா கட்டைவிரலை மெல்ல அசைச்சா. சொரசொரன்னு சணல். நடுவுல மெத்துன்னு துணி. விலாங்குக்கு முடிச்சு இருக்காதே.

வீட்டு மூலைத்தூண் இன்னொரு தடவை 'நறுக்'.

இப்ப சொல்லுங்க. மாட்டை இழந்தவளுக்கா, உசுரை வச்சு நீந்துனவனுக்கா, வீட்டை இழந்தவருக்கா, அந்தத் தூண் யாருக்கு? தருலதா காலை எடுக்கணுமா, இன்னும் கொஞ்சம் அழுத்தி நிக்கணுமா?

விடை: தூண் மணேஸ்வருக்கு. முதல் கயிறு அவர் சம்சாரத்தோட சேலை. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் முன்னாடிதான் தருலதா தன் வாயால ஊருக்கே கேக்கிற மாதிரி சொன்னா. அது அவ காலுக்கும் கேட்டிருக்கும்போல, எடுத்துட்டா. "இந்தாங்க பெரியவரே, உங்க கயிறு. தூண் உங்களுது. ஆனா அதை நட உங்களுக்கு வீடில்ல. என் வீட்டை நிறுத்த எனக்குத் தூணில்ல. தூணோட நீங்களும் இங்கயே இருங்களேன்"னா. அவர் மூட்டையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மூட்டையை ஏணி மேல வச்சார். தோதிராம் மட்டும், "அப்ப என் சோறு?"ன்னு ஆரம்பிச்சான். அதுக்குள்ள மேலேருந்து ஜொனாக்கி ஒரே கத்து: "சட்டம் பேசி முடிச்சாச்சுன்னா யாராவது வந்து அந்தத் தூணை நடுங்களேன்!"