பாய்லர் வாசலில் வாசித்த பெயர்

ஆலை முதலாளி தனுஷ்கோடி முதலில் எங்கள் சங்கக் கொடிக்கம்பத்தை வெட்டினார். அடுத்துக் கூலியை வெட்டினார். மூன்றாவதாக, பாய்லரில் வெந்து செத்தவன் தன் ஆளே இல்லை என்று சாதித்து, அவன் மனைவிக்கு நஷ்டஈட்டை மறுத்தார்.

அதே பாய்லர் வாசலில் ஒரு மாலை அவர் கார் கிளம்ப மறுத்தது. இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. அணைந்து கிடந்த பாய்லர் உள்ளே முனகியது.

"கிளப்புடா!"

"பேட்டரி நல்லாருக்கு, பெட்ரோலும் இருக்கு மொதலாளி. செத்தவன்தான் மறிக்கான்," என்றான் டிரைவர் இசக்கி. இஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் பியூஸை அவனே கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். "'என் ஆள்'னு சொல்லி, சுவத்துல கரியால எழுதியிருக்க அவன் பேரை வாசிங்க. விட்டுருவான்."

முதலாளி அதை வாய்க்குள் முணுமுணுத்தார். பியூஸ் பையில் இருக்கும்போதே இஞ்சின் உறுமியது. இசக்கிக்கே வேர்த்தது. அரண்டுபோன முதலாளி, ஷிப்ட் முடிந்து நின்ற எங்கள் அத்தனை பேர் முன்பும் உரக்க வாசித்தார்:

"என் ஆள், உச்சிமாகாளி!"