போட்டு வாறன்

பொழிச்சலூரில் ஆனந்தி அம்மையின் ஆசிரமம் விமானப் பாதைக்கு நேர் கீழே இருந்தது. தலைக்கு மேல் விமானம் இரைந்தால் அம்மை பேச்சை நிறுத்துவார். ஞானம் கொஞ்சம் காத்திருக்கும்.

அந்த இடைவெளியில் தவராசா மட்டும் அண்ணாந்து பார்ப்பார். அவருக்கு வயது அறுபத்திரண்டு, குருவை விட இருபது வயது மூத்த சீடர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்தவர். வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. அங்கே அவருக்கு மிச்சம் இருப்பது அக்கா யோகமலர் ஒருத்திதான். பெற்ற தாயின் சாவுக்கு இவர் போகவில்லை. அன்றோடு அக்கா பேசுவதில்லை.

ஒருநாள் காலையில் கேட்டேவிட்டார்.

"அம்மா, இங்கயிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?"

"நீங்களே சொல்லுங்க."

"முந்நூற்றைம்பது கிலோமீற்றர் சொச்சம். பிளேனிலை ஒண்டேகால் மணித்தியாலம்."

"எல்லாம் தெரியுது. அப்புறம் என்ன கேள்வி?"

"அக்கா கேற்றைத் திறக்காட்டி? எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

பாஸ்போர்ட் எடுத்து ஒரு வருடம் ஆகிறது, டிக்கெட் எடுக்கத்தான் துணிச்சல் வரவில்லை.

அம்மை பால் தூக்கை எடுத்து நீட்டினார்.

"பால் வாங்கிட்டு வாங்க."

தவராசாவுக்கு முகம் தொங்கிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டார். போய் வருகிறேன் என்பதை வாசலில் வழக்கம்போல் ஊர்ப் பேச்சில், "போட்டு வாறன் அம்மா" என்றார்.

பாலோடு திரும்பியபோது கேட் பூட்டிக் கிடந்தது. தட்டினார்.

"யாரு?" உள்ளே அம்மையின் குரல்.

"நான், தவராசா."

"எங்க வந்தீங்க?"

"பகிடி விடாதேங்கோ அம்மா. பால் வாங்கத்தானே போனனான்."

"போனவர் போனவர்தானே?"

தவராசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"'போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டெல்லோ போனனான்! சொன்னா வரத்தானே வேணும்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. தவராசா பால் தூக்கோடு அப்படியே நின்றார்.

கேட் திறந்தது.

"அக்காகிட்ட என்ன சொல்லிட்டுப் படகு ஏறினீங்க?" என்று அம்மை கேட்டார்.

அவர் பால் தூக்கை அம்மையிடம் கொடுத்தார். அன்று மாலையே டிக்கெட் எடுத்தார்.

அடுத்த வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மைக்குப் போன் வந்தது.

"அம்மா! கேற் பூட்டித்தான் கிடந்தது. தட்டினன். 'ஆரது?' எண்டா. 'நான்தான் அக்கா, போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான்' எண்டன்."

"அப்புறம்?"

"பிறகு திறந்தா. 'ஏன்ரா இவ்வளவு நேரம்?' எண்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டேகால் மணித்தியாலம் எண்டன். முதுகிலை ஓங்கி ஒண்டு போட்டா! இப்ப புட்டு அவிக்கிறா, அம்மா. எனக்கு!"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பின்னால் ஒரு கிழவி, "ஆரோடையடா கதைக்கிறாய்? ஆறமுன்னம் வா!" என்று அதட்டுவது கேட்டது. அம்மைக்கும் கண் கலங்கிவிட்டது.

"பத்தாம் திகதி பிளேன் அம்மா. திரும்பி வந்திடுவன்."

ஆசிரமத்துக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. அன்று மட்டும் அம்மை பேச்சை நிறுத்தவில்லை. போனில் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"திரும்பித்தான் வந்துட்டீங்களே!"