பேரரசர் சுமந்த மீன்கூடை

உள்ளதைச் சொன்னால், சிப்பித்தீவு ஒரு நாடே இல்லை. மேற்குக் கரையில் தும்மினால் கிழக்குக் கரையில் திட்டுவார்கள். ஆனாலும் அதற்கு ஒரு ராஜா இருந்தார், பேர் நெய்தற்கோன். அவர் சபையில் கயலி என்று ஒருத்தி. சபையின் மூளை மொத்தமும் அவளிடம்தான்.

தீவின் சாமி உப்பாத்தா, முழங்கால் உயரக் கருங்கல். அவளைத் தொட்டுவிட்டுத்தான் படகு மீன்பிடிக்க இறங்கும். திரும்பியதும் முதல் கூடை மீனை, அவள் இருக்கிற இடத்தை ஆளுகிறவர் தலையில் சுமந்து வந்து காலடியில் கொட்ட வேண்டும். காக்காயும் பூனையும் தின்று தீர்க்கும்வரை யாரும் அள்ளக்கூடாது.

அந்த ஆத்தாவை மாமதில் நாட்டுப் பேரரசர் வீரகண்டர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திருட்டு என்று சொல்லக்கூடாதாம், பாதுகாப்பாம். உப்புக்காற்றில் கல் கெட்டுவிடுமாம். படகுகள் மணலிலேயே கிடந்தன. வீடுகளில் உலை ஏறவில்லை. ராஜாவும் அழுதார், ஆனால் தலையில் மீன்தண்ணீர் ஒழுகாத நிம்மதி முகத்தில் தெரிந்தது.

அந்தச் சமயம் பல நாட்டு அரசர்கள் கூடிப் பழம்பொருள் காக்கும் மகாசபை நடத்தினார்கள். காப்பதைப் பற்றி நிறையப் பேசினார்கள், அதைவிட நிறையச் சாப்பிட்டார்கள். தலைமை நாற்காலிக்குப் பெரிய நாடுகள் அடித்துக்கொண்டன. கடைசியில், யாருக்கும் தொந்தரவு இல்லாத நாடு என்று சிப்பித்தீவுக்குக் கொடுத்தார்கள். ராஜா சார்பில் கயலி போய் உட்கார்ந்தாள்.

சிலையைத் திருப்பிக் கேட்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் கேட்கவில்லை.

"பேரரசே, நீங்களே வச்சுக்குங்க. ஆனா பழைய முறை மாறாம காப்பீங்களா?"

வீரகண்டர் மீசையைத் தடவினார். "இம்மியும் மாறாது. இது என் வாக்கு."

சபை கைதட்டியது.

மறுவாரம் தீவின் படகுகள் மொத்தமும் அவர் துறைமுகத்தில் வந்து நின்றன. மீனவர்கள் பளிங்கு மண்டபத்துக்குள் போய் ஆத்தாவைத் தொட்டார்கள், கடலுக்குப் போனார்கள், திரும்பினார்கள். ஒழுகுகிற மத்திக் கூடையோடு கயலி அரியணைக்கு முன்னால் நின்றாள்.

"இந்த இடத்தை ஆளுறது நீங்கதானே, பேரரசே?"

இல்லை என்று எந்தப் பேரரசர் சொல்வார்? மற்ற நாட்டுத் தூதர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரீடத்தைக் கழற்றினார். சுமந்தார். கொட்டினார்.

பாதுகாப்புக்காக மண்டபத்தில் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. காக்காய் வராது, பூனையும் வராது. கூடை மட்டும் தினமும் வந்தது. நாற்றம் தாங்காமல் முதலில் ராணி பிறந்த வீட்டுக்குப் போனாள், பின்னாலேயே மந்திரிகளுக்கும் ஊரில் வேலை வந்துவிட்டது. கடைசியில் பேரரசரே மூக்கைப் பொத்திக்கொண்டு கயலியிடம் வந்தார்.

"தாயே, கொண்டுபோயிடு."

"ஐயோ, உப்புக்காத்து படுமே."

"படட்டும்மா. கல்லுதானே."

உப்பாத்தா பேரரசரின் கப்பலிலேயே வீடு வந்தாள். அன்றைக்கே படகுகள் இறங்கின. நெய்தற்கோன் விழுந்து விழுந்து சிரித்தார். வீரகண்டர் தலையில் மீன் ஒழுகிய கதையை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். என்ன பரிசு வேண்டுமானாலும் கேள் என்றார்.

கயலி கரையைப் பார்த்தாள். முதல் படகு வந்துவிட்டது.

"பரிசு அப்புறம் அரசே. இப்ப தலையைக் கொஞ்சம் குனியுங்க."