தோற்ற நாற்காலி

முதலில் சத்தம்தான் கேட்டது. ஈரத்துணி கல்லில் அறையும் சத்தம்.

அதைப் பிடித்துக்கொண்டே அந்த வீட்டின் பின்பக்கம் போனார் பூவராகன். ஒரே ஊர் அளவான அந்தக் குட்டி நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதி. மக்கள் ஓட்டில் மூன்று முறை ஜெயித்தவர்.

துவைகல்லில் குனிந்திருந்தவர் வேதவல்லி அம்மாள். பூவராகனைவிட வயதில் இளையவர்தான். ஆனால் அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவரும்கூட. ஒரு தீர்ப்புக்காக ஊர் அம்மாளைத் தோற்கடித்தது.

"வாங்க. ஓட்டுக் கேக்க வந்தீங்களா?"

"கேள்வி கேக்க வந்தேன் அம்மா. நாளைக்கு இசக்கி வழக்குல தீர்ப்பு."

"யாரு இசக்கி?"

"சாணை பிடிக்கிறவன். வெளியூர்க்காரன், இங்க ஓட்டு இல்ல. கோயில் மணியத் திருடிட்டான்னு வழக்கு."

"திருடினானா?"

"இல்ல. சாட்சி மொத்தமும் பொய். ஆனா அவன் உள்ள போகணும்னு ஊரே நிக்குது."

"அப்புறம் என்ன கேள்வி?"

"அடுத்த மாசம் தேர்தல்."

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஜெயித்த நீதிபதிக்குத் தெருவுக்கொரு பலகை கொடுத்து, ஊரே நாற்காலி செய்து போடும். தோற்றால், அதே நாற்காலியைத் தலையில் வைத்துக் கடைத்தெரு வழியாக அவர் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

"இந்த ஒரு தடவை ஊரோட போயிட்டா, இன்னும் எத்தனையோ பேருக்கு நியாயம் செய்யலாம் இல்லையா?"

"போன தேர்தலுக்கு முன்னாடியும் இதையேதான் கேட்டீங்க."



"நீங்க நாற்காலியச் சுமந்துட்டு நடந்ததைப் பாத்தேன் அம்மா. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீங்க?"

"கூட்டத்துல நின்னேன்."

அம்மாள் கையை உதறிவிட்டு எழுந்தார். கொடியடியில் ஒரு பழைய நாற்காலி. அதன் மேல் கிடந்த ஈரத்துணிகளை வாளிக்கு மாற்றினார். நாற்காலியைத் தூக்கிப் பூவராகன் தலையில் வைத்தார்.

"இதை எங்க கொண்டுபோறது?"

"கோர்ட்டுக்கு. நாளைக்கு இதுல உக்காருங்க."

"இது தோத்த நாற்காலி அம்மா."

"ஆமா. கடைத்தெரு வழியாப் போங்க."

மறுநாள் காலை கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

"தேர்தலே இன்னும் வரலையே," என்றார் வெற்றிலைக்கடைக்காரர். "அதுக்குள்ள ஒத்திகையா?"

தெரு முழுக்கச் சிரிப்பு.

"ஆமாங்க. கழுத்து பழகணும்ல," என்றார் நீதிபதி. நிற்கவில்லை.

கோர்ட்டில், ஊர் செய்துபோட்ட நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார். தலையிலிருந்ததை இறக்கிப் போட்டார். அதற்கு ஒரு கால் ஆடியது. உட்கார்ந்தார்.

சிரித்துக்கொண்டே உள்ளே வந்த கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டது.

"இசக்கியைக் கூப்பிடுங்க."

கோர்ட்டில் எழுந்த கூச்சல் துவைகல் வரைக்கும் கேட்டது. கூடவே பலகைகள் உடையும் சத்தம்.

வேதவல்லி அம்மாளின் கை நின்றது.

கூச்சல் அடங்குவதாக இல்லை. வெகுநேரம் கழித்து அதற்கு நடுவே, தெருமுனையில் ஒரு கரகரத்த குரல்.

"கத்தி, அரிவாள்மனை... சாணை பிடிக்கலையா, சாணை..."

அம்மாள் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தார். உதறி, கல்லில் போட்டு, துவைக்க ஆரம்பித்தார்.