காரியின் முழங்கால்

மலைக் கணவாயின் அடிவாரத்தில் ஒரு கோட்டை இருந்தது. கோட்டை வீரர்கள் முறை வைத்து உச்சியில் இருந்த காவல்சாவடிக்கு ஏறுவார்கள், இறங்குவார்கள். நல்ல உடம்போடு ஏறுகிறவன் ஏன் நோயாளியாக இறங்கி வருகிறான் என்று ஆராய்ந்து சொல்வதற்காக, நங்கை என்ற மருத்துவரை அரசர் அந்தக் கோட்டையில் வைத்திருந்தார்.

நங்கையாருக்குச் சாத்தன் என்று ஒரு சீடன். அவன் வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவன் அவன்தான். தப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு எப்போதும் உண்டு. அதனால் எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பான். ஒரு வீரனின் நாடியைப் பிடித்துப் பார்த்தால், கையோடு தன் நாடியையும் பிடித்துப் பார்த்துக்கொள்வான்.

"வைத்தியரே, உசுரோட இருக்கிறது நானா, நீங்களா? சந்தேகமா இருந்தா சொல்லுங்க" என்பான் காரி. படையிலேயே வாய் நீளமானவன் அவன்.

சாத்தனும் சிரித்துவைப்பான். ஆனாலும் மறுபடி ஒரு தடவை நாடியைப் பிடிப்பான்.

அந்த வருடம் ஒரு புதுத் தொல்லை வந்தது. மலை ஏறி இறங்கியவர்களுக்குக் கை விழுந்துபோனது. வலி இல்லை, வீக்கம் இல்லை. சோற்றை அள்ளினால் கை வாய்வரை வராமல் பாதியில் நின்றது. காரிக்கும் அப்படித்தான் ஆனது. அவனுடைய தோழன் பூவன் அவனுக்கு ஊட்டிவிட்டான்.

"ஆ காட்டு, கண்ணு" என்பான் பூவன்.

"உருண்டையைச் சின்னதாப் பிடிடா. மாட்டுக்கா வைக்கிற?"

சாத்தன் பல நாள் அவர்கள் பின்னாலேயே நடந்து பார்த்தான். மூட்டையைத் தோளில் மாட்டும் கயிறு, தோள்பட்டையில் ஒரு நரம்பை அழுத்துகிறது என்று கண்டுபிடித்தான். அகலமான தோல்வார் ஒன்று தைத்து, சுமை தோளை விட்டு இடுப்பெலும்பில் உட்காரும்படி செய்தான். பாதிப் பேருக்கு வார், பாதிப் பேருக்குப் பழைய கயிறு. வார் போட்டவர்களுக்குக் கை விழவில்லை. ஆட்களை மாற்றிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் வார் போட்டவர்களுக்குக் கை விழவில்லை. அதன் பிறகே வாயைத் திறந்தான்.

காரியின் கை மெல்ல மெல்ல மேலே வந்தது. அது வாயைத் தொட்ட அன்றைக்குப் பூவன் பெருமூச்சு விட்டான். "அப்பாடா, இனி நான் என் சோத்தைத் தின்னலாம்."

படைத்தலைவருக்கு ஏக மகிழ்ச்சி. திடலில் எல்லார் முன்னிலையிலும் சாத்தனைக் கூப்பிட்டுத் தன் வெற்றிலைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"கை இனிமே விழாதில்ல?"

"விழாதுங்க."

"இன்னும் கொஞ்சம் கூடுதலா சுமந்தா?"

சாத்தன் யோசித்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது.

"தோளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

அது உண்மைதான். மறுநாள் கிடங்கிலிருந்து ஆளுக்கு ஒரு சிறு மூட்டை கூடுதலாக வந்தது. அது பழகியதும் இன்னொன்று வந்தது. ஒவ்வொரு முறையும் சாத்தன் திடலுக்குப் போய் வீரர்களை வரிசையாகக் கேட்டான். "தாங்குமா?" "தாங்கும்" என்றார்கள். "வலி இருக்கா?" "இல்லை" என்றார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் கேட்டான்.

பிறகு முழங்கால்கள் வீங்கத் தொடங்கின.

காரியின் வலது முழங்கால்தான் மோசம். சாத்தன் அதை அழுத்திப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். உள்ளே மணல் அரைபடுவதுபோல் இருந்தது. ஓய்வு கொடுத்தால் தேறும். இப்படியே இன்னும் சில தடவை ஏறினால் போதும், காரி சாகும்வரை கோல் ஊன்றித்தான் நடப்பான். அதில் சாத்தனுக்குச் சந்தேகமே இல்லை.

"என்ன வைத்தியரே, முழங்கால் ஏதாவது சொல்லுச்சா?"

சாத்தன் காலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தான்.

படைத்தலைவர் ஆள் அனுப்பிச் சாத்தனை அழைத்தார். "கைக்குக் கண்டுபிடிச்ச மாதிரி முழங்காலுக்கும் ஒண்ணு கண்டுபிடிப்பா. நாளன்னைக்கு அடுத்த கூட்டம் ஏறணும்."

சாத்தன் அதை ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தான். மூங்கில் சிம்பு வைத்து, எண்ணெயில் வாட்டிய இலையைச் சுற்றி, ஒரு விதமாகத் துணியை இறுக்கினால் முழங்கால் நின்றது. காரிக்குக் கட்டிப் பார்த்தபோது முற்றத்தைச் சுற்றி நடந்துவிட்டு, "கல்யாணத்துக்கே போலாம் போலிருக்கே" என்றான். இப்போதைய சுமையை அந்தக் கட்டு தாங்கும். இன்னொரு மூட்டை ஏறினால் தாங்காது.

சாத்தன் படைத்தலைவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் பொய்யா என்று யோசித்துக்கொண்டே நங்கையாரிடம் போனான்.

நங்கையார் கஷாயம் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளு. அந்தத் துணியோட இந்த முனையைப் பிடிச்சுக்கிட்டுக் கேளு."

சாத்தன் பிடித்துக்கொண்டான்.

"கட்டுப் போட்டா காரி நடப்பான். அவன் நடக்கிறதைப் பார்த்தா சுமையை ஏத்துவாங்க. ஏத்தினா முழங்கால் போயிடும். கட்டுப் போடலேன்னா, இருக்கிற சுமையிலேயே போயிடும். நான் என்ன செய்யறது?"

"எவ்வளவு தாங்கும்னு அவனைக் கேட்டியா?"

"கேட்டேம்மா. இன்னும் வைங்கன்னான்."

"எங்க கேட்ட?"

"திடல்லதான்."

"பக்கத்துல யாரு நின்னா?"

"படைத்தலைவர்" என்றான் சாத்தன். சொன்ன பிறகு துணியை இறுக்கிப் பிடித்தான். இத்தனை நாளும் அவன் எல்லாரையும் அங்கேதான் கேட்டிருந்தான்.

"அப்போ நான் கண்டுபிடிச்சது எல்லாமே தப்பா? கை தூக்கினதை என் கண்ணால பார்த்தேனேம்மா?"

"பார்த்தது சரி. கேட்டது?"

நங்கையார் துணியின் மறுமுனையை முறுக்கினார். கஷாயம் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல் காரி ஓடைக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். வீங்கிய காலைத் தண்ணீருக்குள் நீட்டியிருந்தான். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. இருக்கிறார்களா என்று சாத்தன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான்.

"என்ன வைத்தியரே, கடன்காரனைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க?"

"உண்மையைச் சொல்லணும், காரி. வலிக்குதா?"

காரி துணியைக் கல்லில் ஓங்கி அடித்தான். "வலிக்குது."

சாத்தனுக்கு மூச்சு வந்தது. "அதைத் திடல்ல சொல்லியிருக்கலாமே! தலைவருக்குப் பயந்தா சொல்லல?"

"தலைவருக்கா?" காரி சிரித்தான். "அவரு அடிக்கிற ஆளும் இல்ல, திட்டுற ஆளும் இல்ல. போன தடவை எங்க கூடவே மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஏறினாரே, பார்க்கல நீங்க? பாட்டு வேற பாடினாரு. அதைத்தான் தாங்க முடியல."

"பின்னே?"

"வைத்தியரே, நான் வலிக்குதுன்னு சொன்னா என் மூட்டை என்ன, இங்கயே கிடக்குமா? பூவன் முதுகுல ஏறும். அவனுக்கு ரெண்டு காலுமே போச்சு."

"பூவனா? அவன் ஒண்ணும் சொல்லலியே!"

"எப்படிச் சொல்லுவான்? சொன்னா என் முதுகுல ஏறும்."

சாத்தன் ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டான். மெல்லக் கேட்டான். "சரி, அதையெல்லாம் விடு. உன்னால எவ்வளவுதான் தூக்க முடியும்?"

"எனக்கு மட்டுமா, பூவனுக்கும் சேர்த்தா?"

சாத்தனுக்கு அந்தக் கணக்குப் போடத் தெரியவில்லை.

அவன் நேராகப் படைத்தலைவரிடம் போனான். போகிற வழியில் சொல்ல வேண்டியதைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அங்கே போனதும் எல்லாம் மறந்துபோய், "சுமையைக் குறைங்க" என்று மட்டும் வந்தது.

படைத்தலைவர் கோபப்படவில்லை. அவனை உட்காரச் சொன்னார். மோர் கொடுக்கச் சொன்னார்.

"மேல குளிர்ல நிக்கிறவனும் என் ஆளுதானப்பா. மழை வந்தா பாதை அடைபட்டுப் போயிடும். அதுக்குள்ள அவனுக்குப் போக வேண்டியது போயிடணும். முழங்கால் வலிக்குதுன்னு நீ சொல்ற. சரி. அவன் பட்டினி கிடக்கட்டும்னு சொல்லுவியா?"

சாத்தன் அப்படிச் சொல்ல மாட்டான்.

"நானும் தூக்கி ஏறினேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே?"

அதுவும் உண்மைதான். ஒருநாள் ஏறினார், ஒன்றும் ஆகவில்லை. அவர் தினமும் ஏறுவதில்லை என்று சொல்லலாமா என்று சாத்தன் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் மோர் தீர்ந்துவிட்டது. வணங்கிவிட்டு வெளியே வந்தான்.

கூட்டம் ஏற வேண்டிய காலை வந்தது.

கோட்டை வாசலில் வீரர்கள் மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். இந்த முறையும் கிடங்கிலிருந்து ஆளுக்கு ஒரு மூட்டை கூடுதலாக வந்திருந்தது. காரிக்கு உரியதை இன்னும் அவன் முதுகில் ஏற்றவில்லை. அது தரையில் இருந்தது. காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூவன் அவன் பக்கத்தில், இரண்டு காலிலும் மாறி மாறி நின்றான்.

சாத்தன் கையில் துணியையும் சிம்பையும் வைத்துக்கொண்டு காரியின் முன்னால் மண்டியிட்டிருந்தான். கட்டவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"வைத்தியரே, காலுல விழுந்து கும்பிடுறதுன்னா வெள்ளனவே வந்திருக்கலாமே" என்றான் காரி. வரிசை சிரித்தது. காரியின் முகம் வேர்த்திருந்தது.

"கட்டுப் போடறியா, இல்லையாப்பா?" என்றார் படைத்தலைவர். "வெயில் ஏறுது."

அப்போது நங்கையார் வைத்தியசாலையிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். தரையில் இருந்த மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. தூக்குவதை விட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

சாத்தன் மண்டியிட்டபடியே அவர் பக்கம் திரும்பினான். வீரர்கள் கேட்கிறார்கள், தலைவர் கேட்கிறார் என்பதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று.

"அம்மா, திடல்ல கேட்டா காரி தலைவர் எதிர்ல பதில் சொல்றான். தனியாக் கேட்டா தோழனுக்காகப் பதில் சொல்றான். தலைவரைக் கேட்டா மேல நிக்கிறவனுக்காகப் பதில் சொல்றார். யாரும் பொய் சொல்லல. ஆனா இந்த முழங்காலுக்காகப் பேச ஒருத்தர் இல்ல. நான் இனிமே யாரைக் கேட்கறது? என்னன்னு கேட்கறது?"

நங்கையார் தான் உட்கார்ந்திருந்த மூட்டையை உள்ளங்கையால் தட்டினார்.

"இதுல என்ன இருக்கு?"

"சுமைம்மா."

"அது நான் தூக்கும்போதே தெரிஞ்சுது. உள்ளே என்ன இருக்கு?"

சாத்தன் காரியைப் பார்த்தான். காரி பூவனைப் பார்த்தான்.

"கிடங்குல கட்டித்தான் குடுப்பாங்கம்மா" என்றான் பூவன். "முடிச்சு மேல அரக்கு வச்சிருக்கும். நாங்க அவிழ்க்கக் கூடாது. மேல கொண்டுபோய் அடுக்கிட்டு வருவோம்."

"மேல அவிழ்ப்பாங்களா?"

"போன தடவை ஏறினப்போ, அதுக்கு முந்தி வச்சது வச்ச இடத்துலயே இருந்துச்சு" என்றான் பூவன்.

வரிசையில் ஒருவன் தன் மூட்டையை இறக்கி வைத்து, அதைச் சுற்றி வந்து பார்த்தான். பிறகு இன்னொருவன் இறக்கினான். காரி சுவரோரமாக உட்கார்ந்து காலை நீட்டினான். எல்லாரும் படைத்தலைவரைப் பார்த்தார்கள். அவரும் அந்த மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் எடை சாத்தனுக்குத் தெரியும். எந்த எலும்பில் உட்கார்ந்து எந்த மூட்டில் இறங்கும் என்று தெரியும். எத்தனை பேரை அது படுக்கவைக்கும் என்றுகூட ஏறக்குறையத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

நங்கையார் மூட்டையிலிருந்து எழுந்து, அரக்கு வைத்த முடிச்சு சாத்தனுக்கு எட்டும்படி வழி விட்டு நின்றார்.